சம்பளம் வாங்கும் வேலைதானே, போலீசுக்கு எதற்குத் தனி மரியாதை?

கேள்வி இதுதான்: “காவலர்கள் தினமும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்கிறார்கள். எங்கள் ஊர் போலீஸ்காரர் வண்டியை மறிக்கிறார், ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படி என்ன ஆபத்து தினமும் வருகிறது?”

நியாயமான கேள்வி. துப்பாக்கிச் சண்டையையும் என்கவுன்டரையும் நினைத்துக்கொண்டு பதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தமிழ்நாட்டுக் காவலர்களில் பெரும்பாலானோர் பணிக்காலம் முழுக்க ஒரு மனிதரை நோக்கிக்கூடச் சுட்டதில்லை. ஆபத்து இருப்பது நீங்கள் சாதாரணம் என்று நினைக்கும் அந்த வேலைகளில்தான்: வண்டியை மறிப்பதில், இரவு ரோந்தில், கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவதில், ஒரு குடும்பச் சண்டைக்குப் போய் நிற்பதில்.

இரவு ரோந்திலிருந்து தொடங்குகிறேன். மாலை ரோல்காலில் யார் யாருக்கு எந்த பீட், அதாவது எந்த ரோந்துப் பகுதி, என்று பிரித்துக் கொடுப்பார்கள். இரவு பத்து, பதினொரு மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை ஐந்து வரை. வங்கி, ஏடிஎம், நகைக்கடை, பூட்டிக் கிடக்கும் வீடு என ஆங்காங்கே, ரோந்து வந்ததைப் பதியும் பட்டா புத்தகம் தொங்கும். ஒவ்வொன்றிலும் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் இப்போது செல்போன் செயலி வந்துவிட்டது. அதிகாரி நடுவில் வந்து புத்தகத்தைப் புரட்டுவார். இரண்டு மணிக்குப் போட வேண்டிய கையெழுத்து இல்லையென்றால் காலையில் மெமோ.

இதில் என்ன ஆபத்து? முதலாவது தூக்கம். மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்பு விழிப்பை விட்டுக்கொடுக்கும். பகலில் கோர்ட் டூட்டி பார்த்துவிட்டு வந்தவர் அந்த நேரத்தில் பைக் ஓட்டுகிறார். தெருநாய் குறுக்கே பாய்ந்தாலோ, விளக்கில்லாமல் நிற்கும் லாரி கண்ணில் படாமல் போனாலோ கதை முடிந்தது. இரண்டாவது தனிமை. இரவு ரோந்துக்கு இரண்டு பேர் போவதுதான் முறை. ஆள் இல்லாததால் பல நாள் ஒருவரே போகிறார்.

2021 நவம்பர் 21 அதிகாலையில் நடந்தது அதுதான். திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைத் தனியாக விரட்டிப் போனார். மாவட்ட எல்லை தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம் அவர்களை மடக்கியும் விட்டார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஆடு திருடும் பையன்கள்தானே, பிடித்துவிடலாம் என்று எந்தக் காவலரும் நினைத்திருப்பார். இந்த வேலையில் எதிரில் நிற்பவர் யார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்பது பிடித்த பிறகுதான் தெரியும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும் என்று அறிவுறுத்தல் வந்தது. துப்பாக்கி ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் என்பதுதான் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பு, 2020 ஜனவரி 8 இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் சிறப்பு உதவி ஆய்வாளர்தான். இந்தப் பதவி இரண்டிலும் வருவது தற்செயல் அல்ல என்பது என் கருத்து. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 ஆண்டில் முதல் நிலைக் காவலர், 15 ஆண்டில் தலைமைக் காவலர், 25 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பதே நீண்ட காலம் இருந்த கணக்கு. அப்படியானால் எஸ்.எஸ்.ஐ. என்றாலே ஐம்பதை நெருங்கியவர், அல்லது தாண்டியவர். முட்டி தேய்ந்து, சர்க்கரைக்கு மாத்திரை போடும் வயது. இரவில் சாவடிக்கும் ரோந்துக்கும் பொறுப்பாக நிற்பது பெரும்பாலும் அவர்தான். இளைஞர்கள் ஆயுதப்படையிலும் சிறப்புக் காவல் படையிலும் இருக்க, இருட்டில் முதல் ஆளாக நிற்பவர் அந்தப் பெரியவர்.

அடுத்து வாகனத் தணிக்கை. மக்களுக்கு எரிச்சலும் காவலருக்கு ஆபத்தும் ஒருசேர வரும் இடம். சரியாகச் செய்தால் அது இப்படி இருக்கும்: வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் தணிக்கை வைக்கக் கூடாது, ஓட்டுநருக்கு நூறு மீட்டருக்கு முன்பே தெரிய வேண்டும். இரும்புத் தடுப்புகளை ஒரே வரிசையில் வைக்காமல் ஒன்று இடப்பக்கம், சற்றுத் தள்ளி இன்னொன்று வலப்பக்கம் என்று மாற்றி வைத்தால் எந்த வண்டியும் வேகம் குறைத்து வளைந்துதான் வர முடியும். காவலர் ஒளிரும் சட்டை போட்டிருக்க வேண்டும், கையில் சிவப்பு விளக்குக் கோல். நிற்கும் இடம் தடுப்புக்குப் பின்னால், சாலை ஓரத்தில், பின்னே தாவி ஒதுங்க இடம் உள்ள பக்கம். வண்டிக்கு நேர் எதிரே ஒருபோதும் கூடாது. கார் நின்றதும் ஓட்டுநர் கதவைத் தாண்டிப் போகாமல், அதன் பின்விளிம்பை ஒட்டி நின்று பேச வேண்டும். சட்டென்று கதவைத் திறந்தாலும் அடிபடாது, உள்ளே இருப்பவர்களின் கைகளும் தெரியும்.

எங்கே தவறுகிறது? நிற்காமல் போகும் பைக்கின் சாவியைப் பிடுங்கக் கையை நீட்டும்போது. அல்லது காரின் ஜன்னலுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால். ஓடும் பைக்கை எட்டிப் பிடித்தால் காவலரும் விழுவார், ஓட்டியவரும் விழுவார், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு உயிரே போகலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு மைக்கில் அடுத்த பாயின்டுக்குச் சொல்வதுதான் முறை. ஆனால் இத்தனை வழக்குப் போட வேண்டும் என்று மேலிருந்து எண்ணிக்கை கேட்கும்போது அந்த நிதானம் போய்விடுகிறது. அந்தக் கணக்குக் கேட்பது நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது காவலருக்கும் ஆபத்து, வண்டியில் வருகிறவருக்கும் ஆபத்து.

குடும்பச் சண்டை என்று அழைப்பு வந்தால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது சின்ன விஷயம். அனுபவமுள்ள காவலருக்கு அப்படி இல்லை. குடித்தவர், ஆத்திரத்தில் இருப்பவர், அழுகிற குழந்தைகள், சுற்றி நிற்கும் கூட்டம் எல்லாம் ஒரு பத்துக்குப் பத்து அறையில். உள்ளே போனதும் அவர்கள் முதலில் பார்ப்பது சமையலறை எந்தப் பக்கம் என்பதைத்தான். அரிவாள்மனை, கத்தி, கொதிக்கும் எண்ணெய் எல்லாம் அங்கேதான். சண்டையிடும் இருவரையும் தனித்தனி இடத்துக்குப் பிரித்து, யாரையும் சமையலறைப் பக்கம் விடாமல், குரலை உயர்த்தாமல் பேச வேண்டும். பல நேரம் அடி வாங்கிய மனைவியே, கணவனைக் கைது செய்யப் போகும்போது காவலரைத் தடுப்பார். அதையும் கோபப்படாமல் தாண்ட வேண்டும்.

திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளன்று வாசலிலேயே காவலர்கள் மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பார்கள். பக்கத்தில் வாளிகளில் தண்ணீர் இருக்கும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு தம்பதி இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்து இறந்த பிறகு இந்தச் சோதனை மாநிலம் முழுக்க இறுகியது. மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொள்கிற ஒருவரை நோக்கி ஓடுகிற பெண் காவலரை நினைத்துப் பாருங்கள். கேனைப் பிடுங்கும்போது அவருடைய சீருடையிலும் மண்ணெண்ணெய் தெறிக்கும். எதிரில் இருப்பவர் கையில் தீப்பெட்டி. அந்த இரண்டு விநாடியில் அவர் பிடிக்க வேண்டியது கேனை அல்ல, தீப்பெட்டி இருக்கும் கையை. பிறகு தண்ணீரை ஊற்ற வேண்டும், உடனே உடை மாற்ற வைக்க வேண்டும். இப்படித் தடுத்துக் காப்பாற்றப்பட்டவர்கள் எவ்வளவோ பேர். மறுநாள் நாளிதழில் ‘ஆட்சியர் அலுவலகத்தில் பரபரப்பு’ என்று நாலு வரி வரும், பிடித்தவர் பெயர் வராது.

கைதி வழிக்காவல் வேறு வகை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும். அதற்குள் கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், அரசு மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை, நீதிமன்றக் காவல் கேட்கும் ரிமாண்ட் அறிக்கை எல்லாம் முடிய வேண்டும். இரவு நேரமானால் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். பிறகு சிறை வாசல். உடம்பில் காயம் இருந்து, சான்றிதழில் அது இல்லையென்றால் சிறையில் ஏற்க மாட்டார்கள், மீண்டும் மருத்துவமனைக்கு. இந்தச் சுற்றில் கைதி தப்பினால் முதலில் சஸ்பெண்ட் ஆகிறவர் உடன் போன காவலர். கைவிலங்கு போடுவதில் உச்ச நீதிமன்றம் 1980-லிருந்தே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை போன்ற கடுங்குற்றம் செய்தவர் ஆகியோருக்கு மட்டும் விலங்கிட அனுமதிக்கிறது. மற்றவர்களைப் பேருந்திலும் ரயிலிலும் வெறும் கையால் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதிகம் தப்புவது கழிப்பறையில்தான். அதனால் பழைய ஏட்டுகள் உள்ளே ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவார்கள், கதவைத் தாழிட விட மாட்டார்கள்.

வெளிமாநிலத்துக்குக் குற்றவாளியைத் தேடிப் போவது இன்னும் கடினம். மொழி தெரியாது, இடம் தெரியாது, இருட்டில் எதிரி யார் நம்மவர் யார் என்று தெரியாது. 2017 டிசம்பர் 13 அன்று, கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைப் பிடிக்க ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் அங்கே இறந்தார். கைகலப்பின்போது உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு என்று ராஜஸ்தான் போலீசார் பின்னர் சொன்னார்கள். அவருடைய தியாகம் இதனால் கடுகளவும் குறையவில்லை. ஆனால் இருட்டில் சிறிய குழுவாக, உள்ளூர் போலீஸ் போதிய அளவில் உடன் இல்லாமல் வளைக்கப் போனால் எது நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. 2020 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடி ஒருவரைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். ஆள் எங்கே இருக்கிறார் என்ற தகவலோடு, கையில் என்ன இருக்கிறது என்ற தகவலும் கிடைக்க வேண்டும். அது பெரும்பாலும் ஊர்மக்கள் வாயைத் திறந்தால்தான் கிடைக்கும்.

இப்போது, ஆபத்து என்ற கணக்கில் யாரும் சேர்க்காத ஒரு வேலை. ஆளில்லாத இடத்தில் ஒரு சடலம் கிடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார், வழக்குப் பதிவாகும். உடலைத் தண்டவாளத்திலிருந்தோ ஏரியிலிருந்தோ எடுப்பதற்கு ஆள் வராவிட்டால் காவலரே இறங்குவார். நாலு நாள் தண்ணீரில் கிடந்த உடலைக் கையைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்துவிடும். அதனால் அடியில் தார்ப்பாயை விட்டு, அதோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். பஞ்சாயத்தார் எனப்படும் ஊர்ச் சாட்சிகள் முன்னிலையில் பிண விசாரணை அறிக்கை எழுதி, அரசு மருத்துவமனைக்குக் கோரிக்கைக் கடிதத்தோடு ஒரு காவலர் உடலுடன் போவார். பரிசோதனை முடியும் வரை பிணவறை வாசலில் அவர்தான் நிற்க வேண்டும். முடிந்ததும் உடைகளையும், ரசாயனப் பரிசோதனைக்கான உள்ளுறுப்புப் பாட்டில்களையும் பெற்றுக்கொண்டு முறைப்படி ஒப்படைக்க வேண்டும். உறவினர் யாரும் வரவில்லையென்றால் குழி வெட்டக் கூலி கொடுத்து, ஒரு மாலை வாங்கிப் போட்டு அடக்கம் செய்வதும் அவரே. அந்த மாலைக்கான காசு பெரும்பாலும் அவருடைய சட்டைப்பையிலிருந்து போகிறது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சோற்றில் கை வைக்க எத்தனை நாள் ஆகும் என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

உடம்பைப் பற்றி நீட்ட வேண்டாம். பந்தோபஸ்து பாயின்டில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுகொள்ளும், புகையில் நின்று நுரையீரல் போகும், சாப்பாட்டுப் பொட்டலம் மூன்று மணிக்கு வந்து சர்க்கரை ஏறும். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்கும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கும் வெளிமாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் கல்யாண மண்டபத் தரையிலோ பள்ளி வகுப்பறையிலோதான் படுப்பார்கள். பெண் காவலர்களுக்குக் கழிப்பறை இல்லாததுதான் முதல் கஷ்டம். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நின்று சிறுநீரகத் தொற்று வாங்கியவர்கள் பலர். முக்கியப் பிரமுகர்கள் போகும் சாலைகளில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் உத்தரவு வந்தது நல்ல காரியம். அதே ஆண்டு வார விடுமுறைக்கும் ஆணை வந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள நிலையங்களில் அது இன்னும் தாளிலேயே நிற்கிறது. 2019-இல் நாடு முழுக்க எடுத்த காவல் பணி நிலை ஆய்வு, ஒரு காவலர் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார் என்று சொன்னது. ரோந்தில் தூங்கி விழுவதற்கும், தணிக்கையில் எரிந்து விழுவதற்கும் பாதிக் காரணம் இந்த 14 மணி நேரத்திலேயே இருக்கிறது.

“லாக்கப்பில் அடித்துக் கொல்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்” என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். களைப்பும் பணிச்சுமையும் அதற்குச் சமாதானம் ஆகவே ஆகாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, அதே நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, அன்றிரவு நடந்ததை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சொந்த அதிகாரிகளுக்கு எதிராக, அதே வளாகத்தில் உட்கார்ந்து சொன்ன வாக்குமூலம் அது. அவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. வில்சனும் பூமிநாதனும் காட்டிய துணிவுக்கு ரேவதி காட்டிய துணிவு ஒரு படி குறைந்ததல்ல. காவலர்களின் அர்ப்பணிப்பைப் பேசும்போது நான் மூவரையும் ஒரே மூச்சில்தான் சொல்வேன்.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 10 பேர் இறந்த நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த ஓராண்டில் நாடு முழுக்கப் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் அன்று வாசிக்கப்படும். நேரம் இருந்தால் உங்கள் மாவட்ட ஆயுதப்படை மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள்.

மரியாதை என்பதை நன்றி வார்த்தையோடு நிறுத்த வேண்டாம். அவர்களுடைய ஆபத்தை உங்களால் நேரடியாகக் குறைக்க முடியும். இரவில் தணிக்கை கண்ணில் பட்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள், கார் என்றால் உள்விளக்கைப் போடுங்கள், எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகள் தெரிய ஸ்டியரிங் மேல் வையுங்கள். வெளியூர் போகும்போது நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், உங்கள் தெரு அன்றிரவு பீட்டில் சேரும். கண்ணால் பார்த்த குற்றத்துக்கு மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் போலீசார் எழுதும் ஆவணத்தில், சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள், சம்மன் வந்தால் கோர்ட்டுக்குப் போங்கள். உயிரைக் கொடுத்துப் பிடித்த ஆள், சாட்சி பல்டி அடித்ததால் வெளியே வந்து அதே காவலர் முன்னால் நிற்பதுதான் அவர்களை மிகவும் உடைக்கிற விஷயம்.

100-க்கோ 112-க்கோ அழைத்தால், “சண்டை நடக்குது, சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எந்தக் கோயில் பக்கம், எந்தக் கடைக்கு எதிரே, எத்தனை பேர், குடித்திருக்கிறார்களா, தெருவிளக்கு எரிகிறதா, கையில் கத்தியோ அரிவாளோ இருக்கிறதா என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் ஒருவரை அனுப்புவதா நால்வரை அனுப்புவதா என்று முடிவு செய்கிறார்.